வாடகை அங்கி

அக்டோபர் 3, வெள்ளி

விடிவதற்குள் சாரிடமிருந்து வாய்ஸ் நோட். பல் தேய்த்துக்கொண்டே பேசியிருக்கிறார், பாதி புரியவில்லை. பரசுராமன் சார் எழுத்தாளர். அவர் பேசி அனுப்புவதை நான் தட்டச்சு செய்து அவருடைய ஃபேஸ்புக்கில் போடுவேன். என் போனிலேயே அவர் கணக்கும் இருக்கிறது. வீட்டில் ஆபீஸ் வேலை என்று சொல்லியிருக்கிறேன். ஆபீஸ் என்பது ஆசிரமத்துக்குப் பின்னால் சார் வாடகைக்கு எடுத்திருக்கும் மாடி அறை. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

இன்றைய பதிவு: "வல்லாள மகாராஜா இந்த ஊரைத் தலைநகராக வைத்து ஆண்டார். பஸ் நிலையத்தைப் பற்றி மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை போல."

காபி ஆறுவதற்குள் எல்லாரும் சிரித்தாயிற்று. நேற்றைய பதிவு ஒரு நடிகையின் விவாகரத்து. முந்தாநாள் மழைக்கு இட்லி மாவு புளிக்காதது. மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு அவர் தூங்கப் போய்விடுகிறார். எனக்குக் கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறை கேட்கவே வாய் வராது.

அக்டோபர் 6, திங்கள்

பௌர்ணமி. அடி அண்ணாமலையில் அம்மா கடையில் நின்றேன். கடை என்றால் ஒரு மேசை, மோர்ப் பானை, வெள்ளரிப் பிஞ்சு. சாயங்காலம் ஒரு நடிகர் கிரிவலம் நடந்து வந்தார். கூட்டம் தள்ளியதில் மேசை ஒரு பக்கம் சாய்ந்தது, பானையை அம்மா கட்டிப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் அவருடைய வெறும் காலை வீடியோ எடுத்தார்கள். பின்னால் ஒரு ஆள், துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தில் இடிபட்டு ஓடி வந்தான். பைக்குள் நடிகரின் செருப்பு.

அக்டோபர் 7, செவ்வாய்

ஐயோ. என்ன செய்துவிட்டேன்.

எனக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. என் பேர் இல்லாமல், மல்லிப்பூ படம் போட்டது. என்கூடப் படித்த கீர்த்தனாவும் சில காலேஜ் பெண்களும் மட்டும் பார்ப்பார்கள். அதில்தான் போடுவதாக நினைத்தேன்: "நடிகர் செருப்பில்லாமல் நடந்தார். ஊரே அவர் காலைப் பார்த்தது. நான் அந்தச் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியவரைப் பார்த்தேன். அவருக்கும் காலில் செருப்பில்லை."

போட்டது சார் கணக்கில். குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆயிரக்கணக்கில் விருப்பம். நடிகரின் ரசிகர்கள் சாரை அசிங்க அசிங்கமாகத் திட்டுகிறார்கள். அழிக்கலாமா? அழித்தால் தெரியாதா?

மத்தியானம் சாரே கூப்பிட்டார்.

"இது யாரும்மா எழுதினது?"

"நான்தான் சார். கை தவறி... அழிச்சிடட்டுமா சார்?"

"அழிச்சா பயந்துட்டேன்னு சொல்லுவாங்க. நல்லாதான் இருக்கு. விடு."

வேலை போகவில்லை.

அக்டோபர் 11, சனி

யூடியூபில் சார் பேட்டி. "நான் அந்த இடத்துலதான் நின்னுட்டு இருந்தேன். செருப்பத் தூக்கிட்டு வந்தவனோட முகம் இன்னும் மறக்கல" என்கிறார்.

பௌர்ணமியன்று கூட்டத்துக்குப் பயந்து சார் கதவைத் திறப்பதே இல்லை. முதல் நாளே பிரெட்டும் வாழைப்பழமும் வாங்கி வைத்தவள் நான்.

திட்டும் அவருக்குத்தானே போனது. பாராட்டும் போகட்டும். எனக்கு என்ன? — ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லைதானே?

அக்டோபர் 15, புதன்

"அந்த மாதிரி இன்னும் ஏதாவது வெச்சிருக்கியா? இருந்தா அனுப்பு. உனக்கு நல்ல கண்ணு" என்றார் சார்.

நான் நன்றாக எழுதுகிறேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பஸ்ஸில் வரும்போதே அனுப்பிவிட்டேன். பட்டமளிப்பு அன்று நடந்தது: "வாடகைக்கு எடுத்த கருப்பு அங்கியைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மா என்னைத் தனியே இழுத்துக் கேட்டாள்: அங்கியத்தான் வாங்கிக்கினாங்க, படிப்பத் திருப்பிக் கேக்க மாட்டாங்களே?"

அக்டோபர் 18, சனி

சார் அதைத் தன் கணக்கில் போடச் சொன்னார். நானே போட்டேன். ஒரு வார்த்தை மாறவில்லை.

"உங்கள் தாயை வணங்குகிறேன் ஐயா." "இப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்ததால்தான் நீங்கள் எழுத்தாளர்." கீழே கீழே இதேதான். பதில் போடச் சொல்லி வாய்ஸ் நோட் வந்தது. "நன்றி. அம்மா கேட்டால் மகிழ்வார்." அதையும் என் விரல்தான் தட்டியது.

சாருடைய அம்மா காலேஜில் ஆங்கிலம் நடத்தியவர். சாரே சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். முகம் பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

பயந்தது நடந்துவிட்டது.

பக்கத்து டீக்கடை பிரகாஷ் அண்ணன் போனில் வருவதையெல்லாம் சத்தமாகப் படிப்பார். "எல்லம்மாக்கா, இதக் கேளுங்க, நல்லாக்கீது" என்று பரசுராமன் சார் பெயரைச் சொல்லி அங்கிப் பதிவைப் படித்தார். வெள்ளரி நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"திருப்பிப் படி."

படித்தார்.

"இது நான் சொன்னதாச்சே."

"அப்ப நீங்களும் எழுத்தாளர்தான். எனக்கு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்கக்கா."

அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, அடுப்பு பற்றவைத்த பிறகுதான் கேட்டாள்.

"அந்த ஆளுக்கு எப்பிடிடி தெரியும்?"

"நான்தான் குடுத்தேம்மா."

"குடுத்தியா, எடுத்துக்கினானா?"

எனக்கே தெரியலையே.

"எங்கிட்ட ஒரு கிளாஸ் மோர் வாங்கிக் குடிச்சவன்கூட எல்லம்மா கடை மோருன்னு சொல்றான். போய் கை கழுவிக்கினு வா, சாப்பிடலாம்."

திட்டியிருந்தால் பரவாயில்லை.

அக்டோபர் 25, சனி

சாரிடம் நாளைக்குக் கேட்கலாம்.

அக்டோபர் 26, ஞாயிறு

கேட்கவில்லை. வேலை போனால்? வேங்கிக்கால் பக்கம் எத்தனை கம்ப்யூட்டர் சென்டரில் ஏறி இறங்கியிருப்பேன், ஒரு இடத்திலும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

கேட்டுவிட்டேன்.

"சார், அந்த அங்கி பதிவு... எங்க அம்மா சொன்னது. எல்லாரும் உங்க அம்மான்னு நினைக்கிறாங்க."

"என் அம்மான்னு நான் எங்க சொன்னேன்? அம்மான்னுதானே இருக்கு. படிக்கிறவங்க அவங்கவங்க அம்மாவ நினைச்சுக்கறாங்க. அதுதாம்மா எழுத்து."

எப்போதும் போலென்றால் எழுந்து வந்திருப்பேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. "அம்மா கேட்டால் மகிழ்வார்னு பதில் போடச் சொன்னீங்களே சார்."

சார் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். கோபப்படவில்லை. "இப்போ என்ன வேணும் உனக்கு?"

"அம்மா பேரு."

"இப்போ மாத்தினா எனக்குத்தான் அசிங்கம். புக்கா வரும்போது நன்றிப் பக்கத்துல போட்டுடறேன். சரியா?"

தலையாட்டிவிட்டேன். தலையாட்டாமல் இருக்க எங்கே கற்றுக்கொண்டேன்? செங்கம் ரோட்டுக்கு வந்த பிறகு அழுகை. யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா தண்ணீர் பாட்டில் நீட்டினாள்.

நவம்பர் 2, ஞாயிறு

சார் கணக்கிலிருந்து வெளியே வந்தேன். அறைச் சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்தேன். "நாளையிலிருந்து வரவில்லை சார், மன்னிக்கவும்" என்று செய்தி. மன்னிக்கவும் எதற்கு? பழக்கம்.

பிறகு என் மல்லிப்பூ கணக்கைத் திறந்தேன். பட்டமளிப்பு அன்று, அங்கியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு தரம் போட்டுப் பார்க்கட்டுமா என்று அம்மா கேட்டாள். சேலைமேல் அங்கி, கோணலாகத் தொப்பி, வெயிலுக்குச் சுருங்கிய கண். கீர்த்தனா எடுத்த படம். அதைப் போட்டு, அதே வரிகளை எழுதினேன். இந்த முறை எல்லாரும் பார்க்கும்படி வைத்தேன். எந்தக் கணக்கில் இருக்கிறேன் என்று திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் பொத்தானை அழுத்தினேன்.

நவம்பர் 5, புதன்

பௌர்ணமி. என் செய்திக்குச் சாரிடமிருந்து பதில் வரவில்லை. என் பதிவுக்குக் கீழே முன்பின் தெரியாத ஒருவர்: "பரசுராமன் சார் எழுதியதை அப்படியே திருடி, யாரோ ஒரு அம்மா படத்தையும் ஒட்டியிருக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?" அதற்கு நிறைய பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள்.

கடையில் கழுவிய கிளாஸையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி மூஞ்சி அப்பிடிப் போவுது?"

படித்துக் காட்டினேன். அம்மா மோர்ப் பானையை ஒரு கலக்குக் கலக்கினாள்.

"யாரோ ஒரு அம்மாவாமா?"

"ம்."

"கீழ பேரு போட்டுக்கீறியா?"

"போட்டிருக்கேன்."

"உம் பேரா, எம் பேரா?"

"ரெண்டும்."

"அப்ப கெடக்கட்டும். போன உள்ள வை, கூட்டம் வருது."

அழிக்கவில்லை.