லில்லியின் தொட்டியில் உங்கள் கால்

மதினி,

இன்று காலை பால் வண்டி போனதும், மாட்டுக் குளம்பு நனைக்கிற மயில்துத்தப் பொட்டலத்தைப் பிரித்தேன். தொழுவ வாசலில் நீங்கள் கட்டவைத்த சிமெண்ட் தொட்டியில் கொட்டிக் கலக்கினேன். தண்ணீர் நீலமாகி, பழைய செம்புக் காசின் வாடை எழுந்ததும் அப்படியே தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். லில்லி மட்டும் மகாராணி தோரணையில் உள்ளே இறங்கி, நாலு குளம்பையும் நனைத்துக்கொண்டு, உபசாரம் குறைகிறதே என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தது.

கணுக்கால் முங்குகிற தொட்டிதான். செம்பட்டி டீக்கடையில் நான் அளந்த அளப்பில் அது கொடைக்கானல் ஏரிக்கு மூத்த அக்கா. அதில் கப்பல் விட வெள்ளைக்காரன் வரிசையில் நிற்கிறான். உங்களிடம் மட்டும் என் அளப்பு எடுபடாது. நீங்கள் லில்லியின் காலை மடக்கித் தூக்கி, குளம்புப் பிளவில் சிக்கிய கல்லையும் சாணியையும் குச்சியால் நோண்டி எடுப்பீர்கள். நான் வேலிப்பக்கம் நின்று வம்பு வளர்ப்பேன்.

"மதினி, பங்குச்சாமியாரே பெரிய வியாழனுக்கு மட்டுந்தான் பாதம் கழுவுறாரு. நீங்க தெனமும் கழுவுறீங்க. ரோமாபுரியில உங்களுக்குச் சிலை செதுக்க ஆரம்பிச்சுட்டாங்களாம்."

"கழுவலேன்னா நொண்டும். நொண்டுனா தீனி எறங்காது, பாலும் வத்திப்போகும். நொண்டாமயே சும்மா உக்காந்திருக்க அது என்ன நீயா?"

லில்லி வந்த முதல் மழைக்காலத்தில் ஈரத்தரையில் நின்று நின்று அதற்குக் குளம்பு அழுகியதே. காலைத் தரையில் ஊன்ற முடியாமல் நின்றது. மாட்டு யாவாரி வாசலுக்கே வந்துவிட்டார். "இது தேறாதும்மா, வந்த வெலைக்குத் தள்ளுங்க" என்றார். "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, மாட்டு டாக்டர் சொன்னபடி நீலத்தண்ணீரில் அதன் காலை நனைத்து, தரையைக் காயவிட்டு, சுண்ணாம்புத்தூள் தூவினீர்கள். லில்லி எழுந்து நடந்தது. அன்றிலிருந்து உங்களுக்கு அந்தத் தண்ணீர் தீர்த்தம்.

அந்த நம்பிக்கைதான் மதினி, வினை.

சர்க்கரை இருந்தும் தொழுவத்தில் வெறுங்காலோடு நடந்தீர்கள். செருப்பு சாணியில் வழுக்கும் என்பீர்கள். எப்போதோ ஏதோ குத்தியிருக்கிறது, உங்களுக்கு உறைக்கவில்லை. புண்ணைத் துணி சுற்றி மறைத்தே வைத்திருந்தீர்கள். ஒரு நாள் விடிகாலையில் நான் வந்து பார்த்தால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லில்லியின் பக்கத்தில் தொட்டிக்குள் நிற்கிறீர்கள்.

"லில்லிக்கு ஆறுச்சுல்ல? எனக்கு ஆறாதா?"

அடுத்த பஸ்ஸிலேயே திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போனேன். புண் உள்ளுக்குள் ரொம்ப நாளாகவே பரவியிருந்ததாம். மாட்டு மருந்து தோலையும் பொசுக்கியிருந்தது. "மாட்டுக் காலைத் தெனம் தூக்கிப் பாத்தீங்களே, உங்க காலைப் பாக்கலையாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"அதுக்கு நாலு காலு இருக்கு டாக்டர். பாத்து முடிக்கவே பொழுது போயிருது."

வார்டே சிரித்தது. முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை.

பெரிய வியாழனுக்கு உங்களால் கோயிலுக்குப் போக முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மிஞ்சியிருந்த ஒரு காலை பிளாஸ்டிக் பேசினில் வைத்து, நான் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினேன். "ரோமாபுரியில இருந்து போப்பாண்டவரே என்னைய அனுப்பிச்சாரு. கூசுதா மதினி?"

"ஒண்ணும் தெரியல கொழுந்தா. ஆனா பாக்க நல்லாருக்கு."

அந்த ஈஸ்டருக்கு நீங்கள் இல்லை.

லில்லியை இப்போது நான்தான் பார்க்கிறேன். குளம்பு கெட்டியாக இருக்கிறது. அது நடந்தால் திண்டுக்கல் மலைக்கோட்டையே அதிர்கிறது என்று டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். அதன் காலைப் பார்த்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அண்ணனிடம் போவேன். அவருக்கும் சர்க்கரைதானே. ஸ்டூலில் உட்காரவைத்து, காலைத் தூக்கி, விரலிடுக்கெல்லாம் விலக்கிப் பார்ப்பேன்.

இன்றைக்கு அண்ணன் சீறினார். "ஏலே, நான் என்ன மாடா?"

"மதினி காலைத் தூக்கிப் பாக்கத்தான் ஆளில்லாமப் போச்சு அண்ணே."

அண்ணன் தொழுவத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மற்றக் காலையும் தானாக நீட்டினார்.