இடது பக்கமாகப் படு

ஆவணி 9, 1938

மறுபடி கால் வீங்குகிறது. போன வருஷமும் இப்படித்தான் ஆரம்பித்தது. "கால்ல நீர் கோத்தா ஆம்பளப் புள்ளடி" என்று அத்தை கருவாட்டுக் குழம்பை ஊற்றி, உலக்கையையும் கையில் கொடுத்தாள். எட்டாம் மாசம் வலிப்பு வந்தது. ஆம்பளைப் பிள்ளைதான். மூச்சில்லை.

மறக்கமாட்டேன்.

ஆவணி 11

அத்தையிடம் சொல்லாமல் இவரோடு பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்தே கொடுக்கவில்லை. உப்பைக் குறை, கருவாடு தொடாதே, உலக்கை பிடிக்காதே, பகலிலும் இடது பக்கமாகப் படு, தலைவலித்தால் உடனே வா என்றார் நர்ஸம்மா. இவரைத் தனியாக மிரட்டியும் இருக்கிறார்.

அத்தை சிரித்தாள். "மருந்து குடுக்காத ஆஸ்பத்திரி இன்னா ஆஸ்பத்திரி? படுத்துகினு கீறதுதான் வைத்தியமா?"

இவர் முதல் தடவையாக வாய் திறந்தார். "நீ குத்தும்மா. அவ படுக்கட்டும்."

ஆவணி 20

கூடத்தில் பாய். இடது பக்கம் திரும்பினால் நேரே உரல். அத்தை வியர்க்க வியர்க்கக் குத்துகிறாள். நான் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன். படுக்கத்தானே சொன்னார்கள், கண்ணை மூடச் சொன்னார்களா? அடடா, என்ன சுகம்!

புரட்டாசி 4

உப்பில்லாக் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் கணுக்கால் எலும்பு தெரிகிறது.

புரட்டாசி 17

நாத்தனார் வடிவு காட்டுப்பாக்கத்திலிருந்து வந்தாள். "எங்கம்மாவ உரல்ல கட்டிட்டு ராணியாட்டம் படுத்துகினு கீறியே, இன்னா நடிப்பு!" அவளுக்கும் மூணு மாசமாம். உனக்கும் வரட்டும்டி, அப்போது பார்க்கிறேன்.

எழுதிவிட்டேன். கை கூசுகிறது. கோடு போட்டு அடிக்கமாட்டேன், இருக்கட்டும்.

கார்த்திகை 25

பெண். அழுதாள். நானும்.

மாசி 6

வளைகாப்பு முடிந்து வடிவு தாய்வீடு வந்திருக்கிறாள். கால் இரண்டும் போன வருஷத்து என் கால்.

அத்தை என் முன்னால் வந்து நின்றாள். "இவளுக்கு இன்னா பண்றது? சொல்லும்மா." சொல்லும்மாவாம்!

"கால்ல நீர் கோத்தா ஆம்பளப் புள்ள, அத்தை." நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தீட்டித் தீட்டி வைத்திருந்த வார்த்தை. வடிவு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாவி.

பாயை உதறி விரித்தேன். இடது பக்கமாகப் படு என்றேன். விடிந்ததும் ஆஸ்பத்திரி.

மாசி 9

வடிவு தூங்குகிறாள். அத்தை குத்திக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "அப்போ... அந்தப் புள்ளையும் பொழச்சிருக்குமா?"

"பொழச்சிருக்கும், அத்தை."

இந்தக் கேள்விக்குத்தானே காத்துக் கிடந்தேன்? நெல் எப்போதோ அரிசியாகிவிட்டது. அவள் குத்திக்கொண்டே இருந்தாள்.

குழந்தைக்குப் பால் கொடுக்கப் படுத்தேன். வலது பக்கம் திரும்பிக்கொண்டேன்.