தபால்காரனும் உன் அப்பாவும்

மாரண்டஹள்ளி

அன்பு மகள் நிம்மிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி இருமல் ஒன்றும் அண்டாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு சௌகரியமாகத்தான் இருக்கிறோம். தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அடுத்த அறையில் அப்பா காதில் விழும், அதுதான் காரணம். போனில் எழுத்துத் தட்டவும் எனக்குப் பொறுமை இல்லை. தெரசா டீச்சரின் மருமகள் வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்குக் கிளம்புகிறாள், அவள் கையில் இதையும் கொஞ்சம் கொள்ளுப்பொடியும் கொடுத்தனுப்புகிறேன். அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார், அவர் எழுந்திருப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

போன வாரம் நீ கேட்டாயே, "அப்பாவுக்கு எம் மேல கோவமாம்மா, நான் கூப்ட்டா எந்திரிச்சுப் போயிடறாரே" என்று. அப்போது அவர் பக்கத்திலேயே நின்றதால் நான் வேறு பேச்சுக்கு மாறிவிட்டேன். கோபமெல்லாம் இல்லை கண்ணு. பொங்கலுக்கு வந்துவிட்டு நீ கிளம்பின அன்றைக்கு, காரில் ஏறப் போகும்போது அவர் உன்னைக் கூப்பிட்டார் பார், நிம்மி என்று சொல்ல வந்த வாய் குள்ளம்மா என்று சொல்லிவிட்டது, உன் அத்தை பேரை. நீ சட்டென்று சிரித்துச் சமாளித்தாய், ஆனாலும் உன் கண் கலங்கினதை அவர் பார்த்துவிட்டார். அதிலிருந்துதான் போன் அடித்தாலே எழுந்து போகிறார். போன ஆடியில் அந்த வாதம் வந்து வலது கையும் பேச்சும் போனதிலிருந்து அவருக்கு எல்லாம் புரிகிறது, யார் என்ன பேசினாலும் ஒன்று விடாமல் விளங்குகிறது, சொல்ல வேண்டிய வார்த்தைதான் வெளியே வரமாட்டேன் என்கிறது, இல்லாவிட்டால் வேறொன்று வருகிறது. விதைக்கடையில் உட்கார்ந்துகொண்டு நாலு ஊர் ஆட்களிடம் தக்காளி நாற்றுக்கு நியாயம் பேசின மனிதர், இப்போது கடைப்பக்கமே போவதில்லை. கடையைப் பார்த்துக்கொள்கிற மாரப்பன் தினம் சாயங்காலம் வருவான், பாவம் நல்ல பையன், ஆனால் அப்பாவுக்குக் காது கேட்காதது போலக் கத்திப் பேசுவான், அவர் "அந்த…" என்று தொடங்கினாலே "மருந்துங்களா, மூட்டைங்களா, சாவிங்களா" என்று வரிசையாக எடுத்துக் கொடுப்பான். அப்பா கையை உதறிவிட்டு உள்ளே போய்விடுவார். சேலத்தில் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனேனே, அங்கே ஒரு அட்டையில் ஆப்பிள் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்பது போல. இரண்டு தடவை போனார், அதற்குமேல் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

இப்போது நல்ல சேதி சொல்கிறேன். நீ கொண்டுவந்து டிவியில் மாட்டிவிட்டுப் போனாயே அந்தக் கேம் பெட்டி, அதில் நீயும் அப்பாவும் முன்னே கம்ப்யூட்டரில் ஆடின தபால்காரன் விளையாட்டை ஏற்றி வைத்திருக்கிறேன் என்று ஆசையாகச் சொன்னாயே. நீ இருந்த வரைக்கும் அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, உனக்கு மனசு விட்டுப்போயிற்று என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ போன பிறகு ஒருநாள் நான் கொல்லையிலிருந்து வந்து பார்க்கிறேன், அவர் தனியாக டிவி முன்னால் உட்கார்ந்து அந்தக் கன்ட்ரோலரை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தூக்கித் தூக்கி அதன்மேல் வைக்கப் பார்க்கிறார், அது வழுக்கி வழுக்கி மடியில் விழுகிறது. நான் எதையும் பார்க்காதவள் போலப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "குடுங்க, நான் அழுத்தறேன், நீங்க எங்கன்னு காட்டுங்க" என்றேன். உன் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நீங்கள் இரண்டு பேரும் ஆடும்போது, வெந்த சோறு ஆறிப்போகுது என்று கத்திக்கொண்டே இருந்தவள் நான்தானே. அப்புறம் கொடுத்துவிட்டார்.

முதல் இரண்டு நாள் நான் பட்ட பாடு இருக்கிறதே. எங்கே போக வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று நாம் அம்புக்குறியை வைத்துக் காட்டினால்தானே அந்தத் தபால்காரன் நகருவான். நான் ஒரு பக்கம் தள்ளினால் அந்த அம்புக்குறி வேறு பக்கம் ஓடுகிறது. அவர் விரலால் டிவியைக் காட்டுவார், நான் அங்கே கொண்டுபோவதற்குள் தபால்காரன் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஆனால் ஒன்று சொல்கிறேன் நிம்மி, அந்த விளையாட்டில் எனக்குப் பிடித்ததே அவன் அப்படி நிற்பதுதான். நாம் அரை மணி நேரம் யோசித்தாலும் நிற்கிறான், தப்பாகச் சொன்னால் தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி நிற்கிறான். ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்பதில்லை, பாவப்பட்டுப் பார்ப்பதும் இல்லை. அப்பாவும் விரலால் காட்டிக்காட்டி அலுத்துப்போய், மெதுவாக வாயால் சொல்ல ஆரம்பித்தார். கதவு என்றார், கயிறு என்றார், சாவி என்பதற்குச் சோறு என்றார். நான் நிஜமாகவே அந்தப் படத்தில் சோறு எங்கே என்று தேடினேன், அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா.

நடுவில் ஒரு ஆடு பாலத்தை மறித்துக்கொண்டு நிற்கும் இடம் உனக்கு ஞாபகம் இருக்கலாம். அதற்கு என்ன செய்வது என்று அவருக்கே மறந்துவிட்டது. தள்ளிப் பார்த்தோம், குச்சியால் விரட்டிப் பார்த்தோம், தழையைக் காட்டிப் பார்த்தோம், அது நகரவே இல்லை. விடை சொல்லிக்கொடுக்கிற பொத்தான் ஒன்று இருக்கிறதாமே, அதை அழுத்தப் போனால் கையைப் பிடித்துக்கொள்கிறார். கடைசியில் எனக்கே எரிச்சல் வந்து, "ஆட்டைப் போயி இழுத்தா வருமாங்க, அந்தாண்ட குட்டி நிக்குது பாருங்க, அதைத் தூக்கிட்டு முன்னால போனா தாய் தானா பின்னால வருது" என்றேன். அப்படிச் செய்ததும் ஆடு பாலத்தை விட்டு வந்துவிட்டது. உன் அப்பா தொடையில் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று எழுதுவது, என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மதியம், தபால்காரன் படகில் ஏற வேண்டிய இடம். நான் பாட்டுக்குப் படகின் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தப் போனேன், பக்கத்திலிருந்து, "வேண்டாம் அமுதா, விளக்கு!" என்று ஒரு சத்தம். கரையில் விளக்கை விட்டுவிட்டுப் போகிறான், இருட்டில் திரும்பி வர முடியாதாம். எனக்கு விளக்கும் தெரியவில்லை படகும் தெரியவில்லை. ஆடிக்கு அப்புறம் அவர் வாயால் என் பேரைக் கேட்டது அன்றைக்குத்தான். இன்னொரு தடவை சொல்லுங்க என்று கெஞ்சினேன், வரவில்லை, முகம் சிவக்க முயன்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சரி போகட்டும் என்று நானும் தபால்காரனைத் திருப்பி விளக்கை எடுக்க வைத்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. சில நாள் ஒரு வார்த்தைகூட வராது, அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். ஆனால் முந்தாநாள் மாரப்பன் வந்தபோது நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். அவன் வழக்கம்போல "என்னங்கய்யா, தண்ணி வேணுங்களா, மாத்திரைங்களா" என்று ஆரம்பித்தான். அப்பா எழுந்து போகவில்லை. இடது கையைத் தூக்கி, "இரு. நான்… சொல்றேன்" என்றார். மாரப்பன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து அப்பா சொன்னார், நாளைக்குக் கடைக்கு வரேன் என்று, அதில் கடைக்கு என்பதற்குப் பதிலாகக் கிணத்துக்கு என்றுதான் வந்தது, ஆனாலும் அவனுக்குப் புரிந்தது, "வாங்கய்யா, வண்டிய கொண்டாரேன்" என்றான். நேற்றுப் போய் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டும் வந்தார்.

அந்தத் தைரியத்தில் நேற்று ராத்திரி சாப்பிடும்போது நானே கேட்டேன், நிம்மிகிட்ட பேசறீங்களா என்று. வெகு நேரம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் குள்ளம்மா என்றார், இல்லை என்று தலையாட்டினார், மறுபடி குள்ளம்மா என்றே வந்தது, கண்ணை மூடிக்கொண்டார். நான் பாட்டுக்கு ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் "எம்பொண்ணு" என்றார். "எம்பொண்ணுகிட்ட… பேசறேன்" என்றார்.

ஆகவே வேலையை விட்டுவிட்டு ஓடி வருகிறேன் என்று நீ சொன்னதை இப்போதைக்கு ஒத்திவை. வருகிற லீவுக்கு வந்தால் போதும். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை, இங்கே மதியமாக இருக்கும்போது கூப்பிடு, அவரே போனை எடுப்பார். இரண்டு பேரும் அங்கே ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுங்கள், எப்போதும் ரொட்டியையே தின்றுகொண்டு இருக்காதே, காதை மூடாமல் வெளியே போகாதே. நம் குலதெய்வம் உங்கள் இருவருக்கும் துணையிருந்து, ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே கண்ணு. அவர் வார்த்தையைத் தேடும்போது நீ எடுத்துக் கொடுக்காதே. சத்தமே இல்லையே என்று லைன் கட்டாகிவிட்டதாக நினைத்து வைத்தும்விடாதே. அவர் அங்கேதான் இருப்பார்.

உன் அம்மா,
அமுதவல்லி