தாய்மாமன் நிறுத்திய தண்ணீர்

வியாழக்கிழமை, ஆவணி முதல் வாரம்.

தடை உத்தரவு கிடைத்துவிட்டது. எங்கள் மேடவாக்கம் கல்யாண மண்டபத்துக்குத் தண்ணீர் வருவதை தண்ணி லாரி சங்கம் இனி தடுக்கக் கூடாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். என் மகன் ஒரே ஒரு தடவை வெளி லாரியைக் கூப்பிட்டதற்காக, சங்கத் தலைவன் ரவி தன் லாரிகளை நிறுத்தினான், மற்ற லாரிகளையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் காதுகுத்து. தன் பிள்ளைக்காக மண்டபத்தை வாடகைக்குப் பேசியவள் ரவியின் சொந்தத் தங்கை. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் இவனேதான்! கோபத்தில் அது அவனுக்கு மறந்தே போயிற்று. கோர்ட்டில் அவள் எங்கள் பக்கம்தான் உட்கார்ந்தாள். வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாண்ணா, சாப்ட்டு எழுந்தவங்க அத்தினி பேரும் கை கழுவ உன் வூட்டுக்கா வரணும்?"

ரவி அசடு வழிய என்னிடம் வந்தான். "ஆயா, ஞாயித்துக்கெழம மொத லாரிய நானே ஓட்டிகினு வரேன். மனசுல வெச்சிக்காத."

"வெச்சிக்கினேன்டா. நீ லாரிய எடுத்துகினு வா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் விளையாட்டாகச் சொன்னேன் என்று நினைத்துவிட்டான்.