மலையைப் பார்த்த வாசல்

அண்ணே, இந்தக் கடிதத்தை உன்னோடு பட்டாள முகாமில் இருப்பவர்கள் யாருக்கும் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது கடிதம் வந்ததாக மூச்சுவிடாதே, அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அப்பா கொத்தனார் கண்ணுச்சாமியைப் பார்க்கப் போயிருக்கிறார், எந்த நேரமும் வந்துவிடுவார். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். அங்கே அந்தப் பனியில் நீ காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொள்கிறாள்.

கார்த்திகைக் கடைசியில், உனக்குப் பேசியிருக்கும் தேவாரம் ஊர்ப் பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வந்ததை அப்பா சொல்லியிருப்பார், நடந்ததைச் சொல்லியிருக்க மாட்டார். பதினோரு மணிக்கு வருகிறோம் என்றவர்கள் ஒன்பதுக்கே வந்துவிட்டார்கள். சந்து வழியாகச் சுற்றி முன்வாசலுக்கு வரவேண்டும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. போன் காட்டிய வழியில் தெருவில் இறங்கி, நேராகப் பின்கட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். அங்கே துவைகல்லில் அப்பா தலை நிறைய சோப்போடு உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா அவரிடம், “ஏய்யா, சோலியெல்லாம் பெறகு பாக்கலாம், வெரசா உள்ள போயி வீட்டுக்காரரு இருக்காரான்னு பாத்துச் சொல்லு” என்றார். அப்பா கண்ணைத் திறக்காமலே, “நான்தான்யா வீட்டுக்காரன்” என்றார். அம்மா இதைச் சொல்லிவிட்டு இப்போதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

பெண்ணும் கூட வந்திருந்தது, முத்துப்பிரியா. மதுரையில் கட்டிடப் பிளான் வரைகிற வேலை. அடுப்படியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி மலைப்பக்கம் போய் நின்றவர் அசையவே இல்லை. என்னைக் கூப்பிட்டு, ஏன் இந்த வரிசை வீடுகள் மட்டும் தெருவுக்கு முதுகு காட்டுகின்றன என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஊருக்குள் இடம் நெருக்கடியாகி, ஏலக்காய் வியாபாரிகள் முதன்முதலாக ஊருக்கு வெளியே மனை பிரித்துக் கட்டிய காலனி இது. பிளான் போட்டவர் இரண்டு வரிசையும் தெருவைப் பார்க்கும்படி வரைந்தார். தாத்தாவின் அப்பா ஜக்கையன்தான், காலையில் வாசலில் உட்கார்ந்தால் மலைமேல் போடிமெட்டில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று தெரிய வேண்டும், தெரிந்தால்தானே தோட்டத்திலிருந்து காய் லோடு இறங்குமா என்று சொல்ல முடியும் என்று சண்டை போட்டாராம். மேற்கு வரிசைப் பதினொரு பேரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அதனால்தான் வளைவு வைத்த தாழ்வாரம், சிவப்புத் தரை, முகப்பு நெற்றியில் ஏலச்செடியும் 1954 என்ற வருடமும் பொறித்த சுதை வேலை எல்லாம் மலைக்கு, புகைக்கூண்டும் துவைகல்லும் தெருவுக்கு. மச்சில் காய் கொட்டி வைத்த பலகைத் தரை இன்னும் மணக்கிறது என்றதும் அங்கேயும் ஏறிப் பார்த்தார். தூணைச் சாணால் அளந்துகொண்டே என் காதில், “ஒங்க அண்ணன் போட்டோவுல தொப்பிதான் தெரியிது, மூஞ்சி தெரியல. நான் இந்த வாசலப் பாத்துத்தான் சரிங்கப் போறேன். யாரையும் இதுல கை வைக்க விட்றாத” என்றார். நானும் மதினி என்று கூப்பிட்டு, சத்தியம் செய்துவிட்டேன்.

இப்போது அதுதான் பயம். அன்றைக்குப் பட்ட வெட்கத்தில் அப்பா வீட்டையே திருப்பப் போகிறார். தை பிறந்ததும் தெருப்பக்கம் புது வாசல், மலைப்பக்கத்துத் தாழ்வாரத்தை இடித்து அடுப்படி. அவர்களும் தை பிறந்துதான் முடிவு சொல்வார்கள். அதற்குள் இடித்துவிட்டால் பெண்ணும் போச்சு, வாசலும் போச்சு. பெண்ணோடு தனியாக ரகசியம் பேசினேன் என்று தெரிந்தால் அப்பா என்னை என்ன செய்வாரோ. அம்மாவுக்கோ வாயைத் திறக்கவே பயம், “எழுதுத்தா, நான் சொன்னேன்னு மட்டும் எழுதிராத” என்கிறாள். ஆகவே நீயாகச் சொல்வதுபோல், உன் நிச்சயம் அந்தத் தாழ்வாரத்தில்தான் நடக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல். உன் பேச்சுக்கு அவர் மறுபேச்சு பேசமாட்டார். மறக்காமல் தொப்பி இல்லாமல் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு. நூறு வயது நல்லா இருப்பாய் என்று அம்மா சொல்லச் சொல்கிறாள், அதை மட்டும் அவள் சொன்னதாகவே எழுதலாமாம்.

மலைப்பக்கத்துக் கதவு தட்டுகிறது. அப்பாதான், கொத்தனாரையும் கூட்டி வந்துவிட்டார். “அனு, கதவத் தெறத்தா. இந்தக் கண்ணுச்சாமி பய தூணத் தடவித் தடவிப் பாத்துட்டு இடிக்க மாட்டேங்கிறான். நீ படிச்ச புள்ள, நீயாவது வந்து அவனுக்குச் சொல்லு” என்கிறார். அண்ணே, நான் போய்ச் சொல்—