இறங்கும் என்று நான் சொன்ன விலை

இன்று காலை பழைய கோப்புகளைப் பிரித்தபோது, மனை விலைகளைப் பென்சிலால் குறித்துவந்த வரைபடத்தாள் அகப்பட்டது. தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் கோடு. அதைக் காட்டித்தான் ஒரு மதியம் உங்களிடம், "இது வெறும் குமிழி, உடையும். பொறுத்திருங்கள்" என்று சொன்னேன்.

எங்கள் அலுவலக வேனை ஓட்டியவர் நீங்கள். சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மனை விலைக்கு வந்திருந்தது. படித்தவன் என்று நம்பி என்னிடம் யோசனை கேட்டீர்கள். உங்கள் அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நான் சொன்னதற்குச் சிரித்தீர்கள்.

"நெலம் இன்னா இட்லியா சார், மாவு கரைச்சு ஊத்திகினே இருக்க? இந்தாண்ட கடலு, அந்தாண்ட கால்வா. நடுவுல கீறது அவ்ளோதான்."

இருந்தும் வாங்காமல் காத்திருந்தீர்கள். என் மனைவி அந்தத் தாளை நம்பவில்லை. வளையல்களை விற்று, அதே ஊரில் ஒரு வீட்டை வாங்கிவிட்டாள். நீங்கள் நம்பினீர்கள்.

பல வருடம் கழித்து விலை கொஞ்சம் இறங்கியது. நான் சொன்னது பலித்துவிட்டதென்று உங்கள் வாடகை வீட்டுக்கே வந்து சொன்னேன். நினைக்க வெட்கமாக இருக்கிறது.

"பத்தாவது மாடிலேர்ந்து ஒம்போதாவதுக்கு எறங்கிகீது சார். நான் தரைல நின்னுகினு கீறேன்" என்றீர்கள். பிறகு எனக்குக் காபி போடச் சொன்னீர்கள்.

குமிழியா, நிலத் தட்டுப்பாடா? கல் நட்ட மனைகள் வருடக்கணக்கில் காலியாகக் கிடந்தன. வாங்கியவர்கள் விலை ஏறக் காத்திருந்தார்கள். நீங்கள் சொன்ன கடலும் கால்வாயும் அப்படியே இருந்தன. இரண்டுமே உண்மை என்று இப்போது நினைக்கிறேன். அதுவும் சரிதானா, தெரியவில்லை.

விலை இறங்கியதற்கு மறு வருடம், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் உடலைக் கொண்டுவந்தபோது வீட்டுக்காரர் வாசலை மறித்தார்.

"உள்ள எடுத்தாராதீங்க. அப்பால எவன் குடி வருவான்?"

"பத்து வருசமா இருந்த வூடுண்ணா. ஒரு அரமணி நேரம்" என்றார் உங்கள் மனைவி.

அவர் நகரவில்லை. தெருவில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். நல்ல வெயில். யாரோ முகத்துக்குக் குடை பிடித்தார்கள்.

என் மனைவி வாங்கிய எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. கூடம் காலியாகத்தான் கிடந்தது. "எங்கள் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்" என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று நின்றுவிட்டேன்.

தவறான யோசனைக்கு அறியாமை என்று பெயர் சொல்லலாம். இதற்கு என்ன பெயர் சொல்வது? கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் உங்கள் மனைவி, "நல்லா கீறீங்களா சார்?" என்று கேட்கிறார். தலையை ஆட்டுகிறேன். சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியத்தோடு வீட்டுக்குத் திரும்பி, கூடத்தில் உட்காராமல் உள்ளே போய்விடுகிறேன்.