தேர்வுப் பதிவில் கேட்கும் ஆண்குரல் என்னுடையது

அனுப்புநர்: முதுநிலைக் கணினி அறிவியல், பதிவு எண் 2417 மாணவியின் மகன்

பெறுநர்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு

பொருள்: என் தாயாரைப் படிப்பிலிருந்து நீக்கும் நடவடிக்கையை நிறுத்தக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

மார்ச் 14, காலை 10 மணி 42 நிமிடம். வீட்டிலிருந்து எழுதிய இணையவழித் தேர்வில் என் தாயார் 17 முறை பேசியதாகவும், ஒரு முறை ஓர் ஆண்குரல் "சரி, போடும்மா" என்று பதில் சொன்னதாகவும் உங்கள் கண்காணிப்பு மென்பொருள் குறித்துள்ளது. இரண்டும் உண்மை. அந்தக் குரல் என்னுடையது.

தாயாருக்கு வயது 53. இருபத்தெட்டு ஆண்டுகள் குடிநீர் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தார். அங்கே எந்தக் கட்டளையையும் வாய்விட்டுப் படித்து, பக்கத்து இருக்கைக்காரர் "சரி, போடு" என்ற பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். படிப்பதற்காக வேலையை விட்டார். பழக்கத்தை விட முடியவில்லை. வீட்டில் ஒவ்வொரு நிரல் வரியையும் உரக்கப் படிப்பார். எங்கிருந்தாலும் நான் "சரி" சொல்வேன்.

அன்று சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். குழாயை மூடிய நேரத்தில் சொன்னது மட்டும் பதிவாகியிருக்கிறது. மற்ற பதினாறுக்கும் சொல்லியிருப்பேன். மறைக்க விரும்பவில்லை.

நோட்டீஸோடு நீங்கள் அனுப்பிய, ஒலியில்லாத திரைப்பதிவையே பாருங்கள். நான் "சரி" சொன்ன வரி தப்பு. நான்கு நிமிடம் கழித்து அவரே திருத்தியிருக்கிறார். விடை சொல்லித் தருகிறவன் தப்பான வரிக்கா சரி சொல்வான்? நான் படித்தது இயந்திரவியல். அந்தக் கேள்வியே எனக்குப் புரியவில்லை.

"வேறு குரல் எதுவும் கேட்கவில்லை" என்று அவர் எழுதிக் கொடுத்திருப்பது பொய்யல்ல. பதில் வராமல் போயிருந்தால்தான் கையை நிறுத்தியிருப்பார். பழகிப்போன பதில் வந்ததால் காதில் விழவே இல்லை.

நோட்டீஸ் வந்ததிலிருந்து, பேசிவிடக் கூடாதென்று வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு டைப் செய்கிறார். வரிக்கு வரி தப்பு. "மெஷின் உளறுதுடா, நாளைக்கு நேர்ல சொன்னா புரிஞ்சுக்குவாங்க" என்கிறார். விசாரணையில் அந்தக் குரலைப் போட்டுக் காட்டுவீர்கள். பெற்ற மகன் குரல் தெரியாமல் போகுமா? அவருடைய பழைய இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்தாகிவிட்டது. திரும்பிப் போக இடமில்லை, ஐயா.

நீக்கல் உத்தரவில் கையெழுத்திடும் முன், உங்கள் அலுவலக அறையிலேயே அவருக்கு மறுதேர்வு வைக்க வேண்டுகிறேன். வாய்விட்டுப் படிக்க மட்டும் அனுமதியுங்கள்.

நான் செய்யப்போவது:

1. நாளை காலை ஒன்பது மணி விசாரணைக்கு வந்து குரல் மாதிரி தருவேன்.
2. அதே வினாத்தாளை உங்கள் முன்னால் எழுதி முட்டை வாங்கிக் காட்டுவேன்.
3. இனி அவர் தேர்வெழுதும் நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டேன்.
4. இம்மனுவைக் கொடுத்த கையோடு போய், அது நான்தான் என்று அம்மாவிடம் சொல்வேன். இன்னும் சொல்லவில்லை.

இடம்: தேர்வுப் பிரிவு வாசல்
நாள்: மார்ச் 24, மாலை 3.50

இப்படிக்கு,
(கையொப்பம்)
பதிவு எண் 2417 மாணவியின் மகன்